ஆறு இனிங்ஸ், ஒரே ஓர் ஓட்டம்

மருதானை ஆனந்தாவில் படித்த இரண்டு துடுப்பாட்ட வீரர்கள். ஒருவர் தன் முதல் டெஸ்ட்டிலேயே இரட்டைச் சதம் அடித்தார். மற்றவர் தன் முதல் டெஸ்ட்டில் இரண்டு தடவையும் பூச்சியத்தில் ஆட்டமிழந்தார். இவர்களில் யார் நிலைப்பார் என்று அன்று பந்தயம் பிடித்திருந்தால், ஊரே தோற்றிருக்கும்.

மருதானையைப் போல பாடசாலை விளையாட்டுப் பேசும் இடம் கொழும்பில் குறைவு. ஒரு பக்கம் 1886இல் தொடங்கிய ஆனந்தாக் கல்லூரி. இன்னொரு பக்கம் உதைபந்தாட்டத்துக்கும் றகருக்கும் பேர்போன ஸாஹிரா. டார்லி வீதிப் பக்கம் போனால் சமிந்த வாஸையும் அஞ்சலோ மெத்யூஸையும் தந்த சென். ஜோசப். பருவகாலம் தொடங்கிவிட்டால் பஸ் தரிப்பிடத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் பேச்சு இதுதான்: "பையன் டீமில இருக்கிறானா?"

ஆட்டத்துக்கு முந்தைய நாள் பட்டியல் வெளிவரும். பதினொரு பெயர், அதற்குக் கீழே பன்னிரண்டாவது ஆள், அதற்கும் கீழே இரண்டு மூன்று 'ரிசேவ்'. ஸ்கூல் வேன் வீடு போய்ச் சேருவதற்குள் தீர்ப்பும் போய்ச் சேர்ந்துவிடும். பதினோராவது பெயர் என்றால் "கெட்டிக்காரன்". பதின்மூன்றாவது பெயர் என்றால் "இனிப் படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கோ". இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நேரம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பிடிக்கத் தவறிய ஒரு கட்ச் மட்டுமே.

பட்டியல் சொல்வது ஒன்றைத்தான்: இன்றைக்கு இவனுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள். அவனால் என்ன முடியும் என்பதை அது சொல்லாது. இதற்கு ஆனந்தாவின் இரண்டு பழைய மாணவர்களை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இரட்டைச் சதமும் இரட்டைப் பூச்சியமும்

1987 ஏப்ரல். கொழும்பு சி.சி.சி. மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். பிரெண்டன் குருப்புவுக்கு அதுதான் முதல் டெஸ்ட். ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இறங்கியவர் 777 நிமிடம் களத்தில் நின்று, ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட்டில் இலங்கையர் ஒருவர் அடித்த முதலாவது இரட்டைச் சதம் அது. அந்தக் கிழமை யாரும் அவருடைய எதிர்காலத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டிருக்க முடியாது.

குருப்பு மொத்தமாக ஆடியது நான்கு டெஸ்ட். எடுத்தது 320 ஓட்டங்கள்.

அவருக்குப் பின் வந்தவர் மார்வன் அத்தபத்து. களுத்துறையில் பிறந்து, காலி மகிந்தவில் படித்து, பிறகு ஆனந்தாவுக்கு வந்தவர். 1990 நவம்பரில், இருபது வயது முடிந்த மறுநாள், சண்டிகாரில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆட இறங்கினார். 0, 0. 1992 ஓகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 0, 1. 1994 பெப்ரவரியில் அகமதாபாத்தில் மறுபடி இந்தியா. மறுபடி 0, 0.

மூன்று டெஸ்ட், ஆறு இனிங்ஸ், ஒரே ஓர் ஓட்டம். அந்த ஓட்டம்கூட 'லெக் பை'யாக இருந்திருக்கும் என்று கிண்டல் பண்ணியவர்கள் இருந்தார்கள். இதைக் கேட்ட பிறகும் ஒருவர் டெஸ்ட் கனவோடு வலைப் பயிற்சிக்குப் போகிறார் என்றால், அவரைப் பைத்தியம் என்றுதான் ஊர் சொல்லும்.

அத்தபத்து 2007இல் ஓய்வு பெற்றபோது அவருடைய கணக்கு இது:

முதல் 6 இனிங்ஸ்: 1 ஓட்டம், 5 பூச்சியம்.
அடுத்த 150 இனிங்ஸ்: 5,501 ஓட்டம், சராசரி ஏறக்குறைய 40.7.
சதங்கள் 16. அவற்றுள் இரட்டைச் சதங்கள் 6.

குருப்பு அடித்த அதே 201ஐ அத்தபத்து இரண்டு தடவை அடித்தார். 2001இல் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று, அதே ஆண்டு எஸ்.எஸ்.சி.யில் பங்களாதேஷுக்கு எதிராக இன்னொன்று.

பூச்சியத்துக்குள் என்ன இருந்தது?

பட்டியல் பார்ப்பவருக்கு பூச்சியம் என்றால் பூச்சியம்தான். ஸ்கோர் அட்டையை முழுதாக வாசிப்பவருக்கு அப்படியில்லை.

சண்டிகாரில் முதல் இனிங்ஸில் இலங்கை மொத்தமாக எடுத்ததே 82. அதில் அசங்க குருசிங்க மட்டும் ஆட்டமிழக்காமல் 52. மற்றப் பத்துப் பேரும் உதிரிகளும் சேர்ந்து 30. வெங்கடபதி ராஜு 12 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்திய நாள் அது. அணியே சறுக்கிய இடத்தில், முதல் தடவை டெஸ்ட் ஆட வந்த இருபது வயதுப் பையனின் பூச்சியம் மட்டும் தனியாக ஞாபகத்தில் நின்றுவிட்டது.

அகமதாபாத்திலும் அப்படித்தான். கபில் தேவ் தன் 432ஆவது விக்கெட்டை எடுத்து ரிச்சர்ட் ஹட்லியின் உலக சாதனையைத் தாண்டிய ஆட்டம் அது. இலங்கை ஓர் இனிங்ஸாலும் 17 ஓட்டங்களாலும் தோற்றது. அங்கேயும் ராஜுவின் சுழல்.

மேலும், அந்த ஆறு இனிங்ஸும் ஒரு பருவத்தில் அடுத்தடுத்து வந்தவை இல்லை. மூன்று வருடத்துக்கும் மேலாகச் சிதறிக் கிடந்தவை. முதல் டெஸ்ட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருபத்தொரு மாதம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்றரை வருடம். இப்படி ஆடுபவருக்கு ஒவ்வொரு டெஸ்ட்டும் முதல் டெஸ்ட்தான். போதாக்குறைக்கு, பிற்காலத்தில் ஆரம்ப வீரராகப் பேரெடுத்தவரை அன்று நடு வரிசையில் இறக்கினார்கள்.

இடைவெளி ஏன் அவ்வளவு நீண்டது? அதில் நாட்டின் கதையும் இருக்கிறது. குருப்பு 201 அடித்த அந்த டெஸ்ட் முடிந்த நாளில், 1987 ஏப்ரல் 21இல், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. நியூசிலாந்து அணி மிச்சப் பயணத்தைக் கைவிட்டு ஊர் திரும்பியது. அதற்குப் பிறகு இலங்கை மண்ணில் அடுத்த டெஸ்ட் நடந்தது ஐந்து வருடம் கழித்து, 1992 ஓகஸ்டில். ஒரு தலைமுறை வீரர்களுக்குச் சொந்த மைதானத்தில் டெஸ்ட் ஆடும் வாய்ப்பே இல்லாமற்போனது. குருப்பு நான்கு டெஸ்ட்டோடு நின்றதையும் அத்தபத்து மூன்று டெஸ்ட்டில் தடுமாறியதையும் எடைபோடுபவர் இந்த ஐந்து வருடத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

ஒரே ஆட்டம், மூன்று பேர்

ஐந்து வருட வறட்சிக்குப் பிறகு வந்த அந்த 1992 எஸ்.எஸ்.சி. டெஸ்ட்டை அவசரத் தீர்ப்பாளர்கள் எல்லோரும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். இலங்கை முதல் இனிங்ஸில் 8 விக்கெட்டுக்கு 547 எடுத்து நிறுத்திக்கொண்டது. குருசிங்க 137, ஆனந்தாவின் அர்ஜுன ரணதுங்க 127, முதல் டெஸ்ட் ஆடிய விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரண ஆட்டமிழக்காமல் 132. ஓட்டங்கள் ஆறாக ஓடிய அந்த இனிங்ஸில் அத்தபத்துவுக்கு மட்டும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

அன்று மாலை மைதானத்தை விட்டு வெளியே வந்தவர்களிடம் களுவிதாரண, அத்தபத்து இருவரில் யார் பெரிய டெஸ்ட் துடுப்பாட்ட வீரராக வருவார் என்று கேட்டிருந்தால், கேட்டவரை மேலும் கீழும் பார்த்திருப்பார்கள். களுவிதாரண 1996 உலகக் கிண்ணத்தில் சனத் ஜயசூரியவோடு ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். அந்தப் புகழுக்கு ஒரு குறையும் இல்லை. டெஸ்ட் கணக்கில் மட்டும் பார்த்தால் 49 ஆட்டங்களில் 1,933 ஓட்டங்கள், மூன்று சதங்கள். அத்தபத்து 5,502.

எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் இருந்தார். ஷேன் வோர்ன். அதற்கு முன் இந்தியாவுக்கு எதிராக இரண்டு டெஸ்ட்டில் 228 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தவர். எஸ்.எஸ்.சி.யிலும் முதல் இனிங்ஸில் 107 ஓட்டங்கள் கொடுத்து விக்கெட் இல்லை. 335 ஓட்டத்துக்கு ஒரு விக்கெட் என்ற சராசரியை வைத்துக்கொண்டு எந்தப் பட்டியலில் அவர் பெயரை எழுதுவீர்கள்? இரண்டாவது இனிங்ஸில் 181 இலக்கு. 2 விக்கெட்டுக்கு 127 என்று இருந்த இலங்கை 164இல் சுருண்டது. கடைசி மூன்று விக்கெட்டையும் வோர்ன் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் எடுத்தார். 16 ஓட்டங்களால் அவுஸ்திரேலியா வென்றது. அந்த மனிதர் ஓய்வு பெறும்போது விக்கெட் எண்ணிக்கை 708.

முரளிக்குப் பின்னால் நின்றவர்

அத்தபத்துவுக்குக் கிடைத்த வாய்ப்பு குறைவு. ரங்கன ஹேரத்தின் பிரச்சினை வேறு. வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் முத்தையா முரளிதரன்.

குருணாகலையைச் சேர்ந்த இந்த இடதுகைச் சுழல் பந்துவீச்சாளர் 1999 செப்டெம்பரில் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமாகி, முதல் இனிங்ஸிலேயே நான்கு விக்கெட் எடுத்தார். அதன் பிறகு பத்து வருடம் வருவதும் போவதுமாக இருந்தார். 2008இல் அஜந்த மெண்டிஸ் வந்து இந்தியாவுக்கு எதிராக மூன்றே டெஸ்ட்டில் 26 விக்கெட் எடுத்தபோது, ஹேரத் வரிசையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். முப்பது வயது. வங்கி வேலை இருந்தது. ஆட்டம் முடிந்தது என்று யார் சொல்லியிருந்தாலும் மறுத்துப் பேச ஆளிருந்திருக்காது.

2009 ஜூலையில் பாகிஸ்தானுக்கு எதிரான தொடருக்கு முன் முரளிக்குக் காயம். இங்கிலாந்தில் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஹேரத்துக்கு அழைப்புப் போனது. வந்து இறங்கிய கையோடு காலியில் ஆடினார். பாகிஸ்தானுக்கு இலக்கு 168. 2 விக்கெட்டுக்கு 71 என்று நிம்மதியாக நின்ற அணி 117இல் முடிந்தது. ஹேரத் 15 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட்.

அடுத்த ஒன்பது வருடம் இலங்கையின் சுழல் அவர் தோளில் இருந்தது. 2018 நவம்பரில், அறிமுகமான அதே காலியில், நாற்பது வயதில் விடைபெற்றபோது 433 டெஸ்ட் விக்கெட். டெஸ்ட்டில் எந்த இடதுகைச் சுழல் பந்துவீச்சாளரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. முதல் மூன்று டெஸ்ட்டில் 26 எடுத்த மெண்டிஸ் அதற்குப் பிந்தைய 16 டெஸ்ட்டில் எடுத்தது 44. அவசரமாக ஒருவரைத் தள்ளிவைப்பதும் அவசரமாக ஒருவரைத் தலையில் தூக்கிவைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

ஹேரத்தைக் கடைசிவரை 'மாற்று ஆள்' என்ற நிலையை மறக்கவிடாத ஆட்ட வடிவமும் ஒன்று உண்டு. 2014 உலக இருபது20 தொடரில் முதல் ஆட்டங்களில் அவர் வெளியே இருந்தார். நியூசிலாந்துக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில் உள்ளே வந்து, 3 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். 120 இலக்கைத் துரத்திய நியூசிலாந்து 60இல் சுருண்டது. அந்தத் தொடரில் கிண்ணம் கொழும்புக்கு வந்தது.

முரளி ஆடிய தமிழ் யூனியன் கழகத்துக்கே பின்னாளில் ஹேரத்தும் ஆடினார். அந்தக் கழகத்தின் சொந்த மண்ணான பி. சரவணமுத்து ஓவல், மருதானைக்கு அடுத்த பொரளைப் பக்கம். இலங்கையின் முதலாவது டெஸ்ட் 1982இல் நடந்ததும் அங்கேதான்.

உலகமும் இதே தவறைத்தான் செய்கிறது

அமெரிக்கக் காற்பந்தில் ஒவ்வொரு நிலைக்கும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசைப்படுத்தி 'டெப்த் சார்ட்' என்ற அட்டவணை வெளியிடுவார்கள். பருவம் தொடங்குவதற்கு முன்னரே ரசிகர்கள் அதைப் பார்த்து மூன்றாம் ஆளை எழுதிக் கழித்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு வீரர் தெரிவில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டொம் பிரேடியும் அப்படிக் கீழே கிடந்த பெயர்தான். 2001 செப்டெம்பரில் முதல் ஆளுக்குக் காயம் ஏற்பட்டது. உள்ளே போன பிரேடி ஏழு சுப்பர் போல் வென்ற பிறகுதான் ஆட்டத்தை விட்டார்.

கிரிக்கெட்டின் பெரிய பெயருக்கே இது நடந்திருக்கிறது. 1928இல் பிரிஸ்பேனில் தன் முதல் டெஸ்ட்டில் டொன் பிரட்மன் எடுத்தது 18, 1. அடுத்த டெஸ்ட்டில் அவரைப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைத்தார்கள். மெல்போர்னில் திரும்ப எடுத்தபோது 79, 112. பிரட்மனைத் தண்ணீர் சுமக்க விட்ட தெரிவுக்குழு உலகத்தில் இருந்திருக்கிறது என்றால், நம் பாடசாலைப் பட்டியல்கள் பிழைக்காமலா இருக்கும்?

அப்படியென்றால் எல்லோருக்கும் வாய்ப்பா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அத்தபத்துவையும் ஹேரத்தையும் நாம் பேசுவது அவர்கள் வென்றதால். காத்திருந்தும் ஒன்றும் செய்யாமல் போனவர்களின் பட்டியல் இதைவிட நீளம். அவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பதினொரு இடம்தான் இருக்கிறது, வேண்டியவர் ஐம்பது பேர். யாரையாவது விடத்தான் வேண்டும்.

உண்மை. விடுவதில் தவறில்லை. எதை அளந்து விடுகிறோம் என்பதில்தான் தவறு வருகிறது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்குபவர், அது கடையில் எந்தத் தட்டில் கிடந்தது என்று பார்த்து வாங்குவதில்லை. வண்டியில் பூட்டி, கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லுவார். அதுவும் அந்த வண்டிக்குரிய பாகமாக இருந்தால்தான்.

அத்தபத்து திரும்பி வந்தது வெறும் கருணையாலும் இல்லை. டெஸ்ட் கதவு மூடிக்கிடந்த வருடங்களில் எஸ்.எஸ்.சி. கழகத்துக்காக ஓட்டங்களைக் குவித்துக்கொண்டே இருந்தார். 1997 மார்ச்சில், இருபத்தாறு வயதில், நியூசிலாந்தின் டனிடனில் மறுபடி அழைக்கப்பட்டபோது 25, 22. பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் இந்தத் தடவை தெரிவுக்குழு அவரை அடுத்த ஆட்டத்துக்கும் எடுத்தது, அதற்கடுத்ததுக்கும் எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், முதல் பூச்சியங்கள் விழுந்த சண்டிகாருக்குப் பக்கத்திலேயே மொஹாலியில், இந்தியாவுக்கு எதிராக 108. முதல் சதம்.

ஒருவருக்குத் தொடர்ச்சியும் சரியான இடமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டாம் வரவு விடை. 22 தடவை டெஸ்ட்டில் பூச்சியம் எடுத்தவர் அத்தபத்து. முதல் ஆறு இனிங்ஸ் போக மிச்ச 150இல் 17. ஏறக்குறைய ஒன்பது இனிங்ஸுக்கு ஒன்று. ஆரம்பத்தில் ஐந்து பூச்சியம் ஒன்றாக விழுந்தது துரதிர்ஷ்டம். அதை அவருடைய அளவு என்று எடுத்துக்கொண்டிருந்தால், நட்டம் இலங்கைக்கு.

காலம் இன்னொரு சுற்றும் சுற்றியது. அணித்தலைவராக 2004 ஆசியக் கிண்ணத்தை வென்று தந்தவர், 2007 உலகக் கிண்ணக் குழாத்தில் இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். அந்த ஆண்டு அவுஸ்திரேலியாவில் தெரிவுக்குழுவினரைக் கோமாளியின் தலைமையிலான பொம்மைகள் என்று பகிரங்கமாகச் சாடினார். ஹோபார்ட்டில் கடைசி இனிங்ஸில் 80 எடுத்துவிட்டு மட்டையைக் கீழே வைத்தார்.

இப்போது வரிசையில் நிற்பவர்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று கிரிக்கெட் பேசும் தமிழ்ப் பையன்கள் அடிக்கடி சொல்லும் பெயர் விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் லெக் சுழல் பந்துவீச்சாளர். 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) தொடரில் யாழ்ப்பாண அணிக்காக அறிமுகமாகி, முதல் விக்கெட்டாக அஞ்சலோ மெத்யூஸை வீழ்த்தினார். 2024 ஐ.பி.எல்.இல் காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்குப் போனார். லக்னோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 4 ஓவரில் 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அதே ஆண்டு உலக இருபது20 தொடருக்கு அணியோடு பயணித்த மேலதிக வீரர்களில் ஒருவர்.

"விக்கெட் இல்லை" என்பதை மட்டும் பார்த்தால் ஒரு தீர்ப்பு. ஓட்டமழை பெய்த ஒரு ஐ.பி.எல். பருவத்தில் நான்கு ஓவருக்கு 27 என்று பார்த்தால் வேறு தீர்ப்பு. அவருக்கு முன்னால் நிற்கும் ஹசரங்க உலகத்தின் முன்னணி இருபது20 சுழல் பந்துவீச்சாளர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இப்போதைக்குத் தீர்ப்பே வேண்டியதில்லை.

பாடசாலைகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிக் மெட்ச் முடிந்ததும் முதல் பதினொருவரின் படம் பேப்பரில் வரும். ரிசேவில் இருந்தவனுக்கு அந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் கிடைத்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டாம் அணிக்கென்று ஒழுங்கான ஆட்டங்களை வைக்கும் பாடசாலையில், பதின்மூன்றாவது பெயர்க்காரன் வலைப் பயிற்சியோடு நின்றுபோக மாட்டான். ஹேரத்துக்கு இங்கிலாந்து லீக் இருந்தது, அத்தபத்துவுக்கு எஸ்.எஸ்.சி. இருந்தது. அழைப்பு வரும் நாளில் அவர்கள் கை ஓய்ந்திருக்கவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த இடத்தைப் பாடசாலைதான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ரசிகர்களுக்கும் மூன்று கேள்விகள் போதும். எத்தனை ஆட்டம் கிடைத்தது? எந்த இடத்தில் ஆடவிட்டார்கள்? ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இந்த மூன்றுக்கும் விடை கையில் இல்லாதவர், "இவன் சரிவரமாட்டான்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லட்டும்.